மறியல் எழுத்து

உள்ளறையிலிருந்து பிளேடு சுரண்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் ராஜாம்பாளின் நெஞ்சில் ஒரு கீறல் விழுந்தது.

"இன்னா சார் பண்ணச் சொன்னீங்க அவர?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அரங்கநாதன், சென்னையில் அச்செழுத்து வார்க்கும் கம்பெனியின் ஆள். "எழுத்தோட வால மட்டும் எடுக்கச் சொன்னேம்மா. எடுத்துட்டா இன்னிக்கே வாங்கிக்கிறோம்."

வாலாம்! அவள் கணவர் கண்ணாயிரத்தின் உயிரே அந்த வாலில்தானே இருந்தது! சினிமா கொட்டகைக்கு ஸ்லைடு எழுதி, கள்ளக்குறிச்சிக் கடைகளுக்கெல்லாம் போர்டு எழுதிய மனிதர், சொந்தமாக ஓர் அச்செழுத்து வரைந்தே தீருவேன் என்று கிளம்பினார். ஒவ்வோர் எழுத்தையும் சாலையோரச் சுவரில் பெரிதாக எழுதுவார். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, போகிற போக்கில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பார். முடியாவிட்டால் இறங்கி வந்து அழிப்பார். காற்றில் பறக்கும் முந்தானை போல நீண்ட அந்த வால் வந்த பிறகுதான் எழுத்து கண்ணில் நின்றது.

வந்தது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஊரே சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தது. "அண்ணே, உங்க எழுத்துதான் லாரிக்காரனுக்கே தூரத்துல தெரியுது" என்று அழைத்தார்கள். கேட்காமலே சுவர் கிடைத்தால் விடுவாரா? உளுந்தூர்பேட்டை வரை மறியல் வாசகங்களை எழுதித் தள்ளினார். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் அதே வாலோடு எழுதினார்கள்.

"இந்த எழுத்துல கல்யாணப் பத்திரிகை அடிச்சா, எங்க மறியல்னு கேப்பாங்கம்மா!" என்றார் அரங்கநாதன்.

"மண்டபத்துக்கு முன்னாலன்னு சொல்லுங்க!" என்று வெடித்தாள் ராஜாம்பாள்.

உள்ளே சுரண்டும் சத்தம் நின்றது. கண்ணாயிரம் ஒரே ஒரு தாளோடு வந்தார். வாலில்லாத 'க'.

"இது யாரு எழுதனதுங்க?" என்றாள் அவள். கண்ணீர் முட்டியது.

"அதாம்மே நானும் கேட்டுக்கினு இருக்கேன்!" தாளைக் கசக்கினார். "சார், வாலோட எடுத்துக்கினா எடுத்துக்குங்க. இல்லன்னா வாணாம்."

"ஏங்க, இன்னிக்கு வுட்டா மறுபடி வருவாங்களா?" என்றாள் ராஜாம்பாள்.

அரங்கநாதன் எழுந்தார். "மறியலெல்லாம் ஜனங்க மறக்கட்டுங்க. அப்புறம் வாலோடவே போட்டுக்கலாம்."

"எப்ப சார் மறப்பாங்க?" என்றார் கண்ணாயிரம்.

"கேட்டது கெடச்சா மறப்பாங்க."

"அதுவரிக்கும் நான் உசுரோட இருக்கணுமே, சார்!"

அரங்கநாதன் பையை எடுத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். ராஜாம்பாள் கதவைச் சாத்தினாள்.