கிளாஸா ஒரு வண்டி

சென்னையில் நான் சேர்ந்திருக்கும் சைக்கிள் குழுவில் வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். எது கிளாசிக் என்பதுதான் சண்டை. கம்பி பிரேக் இருந்தால்தான் கிளாசிக் என்பார் ஒருவர். பெயிண்ட் கம்பெனியில் அடித்ததாகவே இருக்க வேண்டும், கீறலைக்கூட மறைக்கக் கூடாது என்பார் இன்னொருவர். சட்டத்தின் அடியில் குத்தியிருக்கும் எண்ணைக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, "ஒரிஜினல்தான்" என்று பெருமூச்சு விடுகிற அண்ணன் ஒருவரும் உண்டு. அவர் தன் கிளாசிக்கை வரவேற்பறையில் நிறுத்தி உறை போட்டு மூடி வைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் எங்களோடு ஓட்ட வருவது வேறொரு சைக்கிளில்.

இவர்கள் யாரையும் நான் ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை. நிற்கிற சைக்கிள் என்ன கிளாசிக்? எனக்குத் தெரிந்த ஒரே கிளாசிக்கில் ஒரிஜினல் என்று சொல்ல நடுச்சட்டம் மட்டும்தான் இருந்தது. அதிலும் இரண்டு இடத்தில் வெல்டிங்.

அது என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டில் தங்கி, தினமும் வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய் வந்தார். அந்த உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் முறுக்கு மாதிரி. முதலில் மட்கார்டைத் தின்றது. அப்புறம் பெல், செயின் மூடி, பிரேக் கம்பி. தின்றதற்குப் பதில் மாமா ஏதாவது வாங்கி மாட்டுவார். ஹாண்டில்பார் மாவு மில்காரருடைய பழைய சைக்கிளிலிருந்து வந்தது. பின்சக்கரம் எங்கிருந்து வந்தது என்று மாமாவுக்கே மறந்துவிட்டது. பிரேக்குக்கு மட்டும் பதில் வாங்கவில்லை, அதற்குக் குதிகால் இருந்தது. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் டிராக்டரில் இறக்கிய கழிவு ஆயிலைத் துணியில் தொட்டு வண்டியின் உடம்பு முழுக்கத் தேய்ப்பார். அதனால் அது எப்போதும் கன்னங்கரேலென்று இருக்கும். என் பாவாடைகளும் அப்படியே இருந்தன.

ஏனென்றால் அவர் முகம் கழுவப் போனதும் வண்டி என் கைக்கு வந்துவிடும். நான் ஐந்தாவது படித்தேன். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடத் தேர்ந்து, அந்த வருஷம்தான் சீட்டுக்கு ஏறியிருந்தேன். ஏறியிருந்தேன் என்றால், யாராவது கேரியரைப் பிடித்துக்கொண்டால் ஏறுவேன். பெடல் மேலே வரும்போதுதான் என் கால் அதைத் தொடும். கீழே போனால் அதன் பாடு. இறங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி விழுவது. எங்கள் தெருவில் பாய்ஸ் சைக்கிள் ஓட்டுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதைப் பற்றித் தெருவுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, எனக்கு ஒன்று இருந்தது.

ஒருநாள் மாமா வேலை முடிந்து வேகமாக வந்தார். அன்றைக்கு ஆயில் துணியைத் தொடவில்லை. ராமேசுவரம் பக்கம் கடலோரத்தில் புதிதாக ஒரு தங்கும் விடுதி கட்டுகிறார்களாம். அதன் முதலாளி காரில் போகும்போது உப்பளத்து வாசலில் இந்த வண்டியைப் பார்த்து இறங்கிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து நிதானமாகப் பார்க்கிறேன், பிடித்திருந்தால் இதைக் கொடுத்துவிட்டு விடுதியில் சும்மா நிற்கிற மொபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

"கிளாசிக்குன்னு சொன்னாருக்கா. ரெண்டு தடவ சொன்னாரு."

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"கிளாஸா இருக்குன்னு அர்த்தம்."

அம்மா வண்டியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுமாடா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எனக்கு?" என்றேன்.

"ஒனக்கென்ன? பதினொன்னாவது வந்தா கவர்மெண்டே சைக்கிள் குடுக்கும். அதுவரைக்கும் பொறு" என்றாள் அம்மா.

ஐந்தாவது படிக்கிறவளிடம் சொல்லுகிற பேச்சா இது! அத்தனை வருஷம் பொறுக்க நான் என்ன புளியமரமா? மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். எதற்கு மொபெட், காலில்லையா, பெடல் போட வலிக்கிறதா, பெட்ரோல் யார் போடுவது என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாதுத்தா, போ" என்றார். வயசாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டார் என்று முடிவு கட்டினேன். மாமாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது.

கிளாஸாக இருக்கிறது என்று சொன்னவர் வரும்போது இன்னும் கிளாஸாக இருக்க வேண்டாமா? மாமா வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். சோப்புத்தூள் போட்டு ஆயில் கறுப்பையெல்லாம் கழுவினார். பம்பு செட்டுக்கு அடித்து மீந்திருந்த நீலப் பெயிண்டைச் சட்டத்துக்கு அடித்தார். ஹாண்டில்பாருக்கும் ரிம்முக்கும் சில்வர் பெயிண்ட். யாரிடமோ ஒரு பெல் இரவல் வாங்கி மாட்டினார். ஞாயிறு காலையில் பார்த்தபோது வண்டி திருவிழாவில் விற்கிற பொம்மை மாதிரி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வழி காட்டிக் கூட்டி வர ரோட்டு முக்குக்குப் போனார். வருகிறவருக்குக் குடிக்கக் கலர் வாங்க அம்மா கடைக்குப் போனாள். அய்யா, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் வண்டியும்தான்.

உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்தேன். நீலத்தைச் சுரண்டினேன். ஆயில் முழுதும் போகாத இரும்பில் அடித்த பெயிண்ட் அல்லவா, வெயிலில் உரிந்த தோல் மாதிரி நீளநீளமாக வந்தது. தேங்காய் நாரையும் மணலையும் வைத்து ஹாண்டில்பாரைத் தேய்த்தேன். அடியிலிருந்து துருவும், இடையிடையே மாமாவுக்கும் முந்திய காலத்துப் பச்சைப் பெயிண்டும் தெரிந்தன. வண்டிக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இதை எந்த மடையன் எடுப்பான் என்று திருப்தியாக நின்றபோது வாசலில் கார் சத்தம் கேட்டது.

மாமா முதலில் வந்தார். வண்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த சில்லைப் பார்த்தார். "ஏ கழுத..." என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தவரைத் தாண்டி விடுதிக்காரர் ஓடினார். மண்ணில் மண்டி போட்டார்.

"சார்! இதுதான் சார்! இந்தத் துருவைப் பாருங்க. கீழ ஒரிஜினல் பச்சை தெரியுது பாருங்க. எந்த மேஸ்திரியாலயும் இப்படிக் கொண்டுவர முடியாது. ஆனா யார் சார் இதுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சது? பாவி!"

பாவி ஓங்கிய கையை மெதுவாக இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கெடுக்க நினைத்ததே விலைபோக வைத்துவிட்டது. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"யார் ஓட்டுவா இத?"

"ஓட்டறதுக்கு இல்ல பாப்பா. ரிசப்ஷன்ல சுவத்துல மாட்டப்போறோம். செயினைக் கழட்டிட்டு, சக்கரம் சுத்தாம வெல்ட் வச்சு, சுத்தி லைட்டெல்லாம் போட்டு. வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துப்பாங்க."

"ஓட்டவே மாட்டீகளா?"

"கிளாசிக்கை யாராவது ஓட்டுவாங்களா?" என்று சிரித்தார். இன்றைக்கு எங்கள் குழுவில் யாராவது அதே வாக்கியத்தைச் சொன்னால் எனக்கு அதே கோபம் அதே சூட்டோடு வருகிறது.

"துருவ நாந்தான் எடுத்தேன். அப்ப வண்டி என்னது" என்றேன். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது இருப்பதாகவே பட்டது. அதற்குள் கலர் பாட்டிலோடு வந்துவிட்ட அம்மா என் காதைத் திருகினாள். "வாய மூடு. பெரியவுக பேசுற எடத்துல!"

விடுதிக்காரர் போனை எடுத்தார். வண்டியை மாமா பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், அதைப் பெரிதாக்கி வண்டிக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன் என்றார். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கையால் படிய வைத்து நிமிர்ந்து நின்றார்.

"அந்தச் சட்டை வேண்டாம் சார். கழட்டிடுங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கங்க, செருப்பு வேண்டாம். உப்பளத்துல வேலை பாக்குற மாதிரியே இருக்கணும். தலையில ஒரு கூடை இருக்குமா?"

அம்மா காதை விட்டுவிட்டாள். மாமா சட்டையின் முதல் பொத்தானில் கையை வைத்தார். அப்படியே நின்றார். கை அங்கேயே இருந்தது. உப்பளத்தில் சட்டையோடுதான் எல்லோரும் வேலை செய்வார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெறும் உடம்போடு அந்த வெயிலில் நின்றால் தோல் உரிந்துவிடும். அதை விடுதிக்காரரிடம் சொல்லலாமே என்று நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"வண்டி ஓடுமான்னு பாக்க வேணாமா சார்?"

"அதெல்லாம் எதுக்கு? மாட்டத்தானே போறோம்."

"இல்ல சார். குடுக்குற பொருள ஓட்டிக் காமிச்சுத்தான் குடுக்கணும். எங்க ஊரு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமா வண்டியை வாசலுக்குத் தள்ளி, கேரியரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏறுத்தா."

ஏறினேன். அவர் பிடித்திருந்த கேரியர் அசையாமல் இருந்தது. அப்புறம் ஒரு தள்ளு தள்ளினார். தெருமுனை வரை போய்த் திரும்புகிற பிள்ளைக்குக் கொடுக்கிற தள்ளு இல்லை அது. பெடலைத் தேடவே எனக்கு நேரமில்லாமல் வண்டி பறந்தது. பின்னால் அம்மா கத்தினாள். விடுதிக்காரர், "திரும்பு பாப்பா, திரும்பு!" என்று கத்தினார். மாமாவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

நான் திரும்பவில்லை. தெருமுனையில் கண்மாய்ப் பக்கம் போகிற கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் முள். புத்தம்புதுக் கார் அதற்குள் வராது என்று எனக்குத் தெரியும். "குடுக்க மாட்டேன், குடுக்க மாட்டேன்" என்று பெடலுக்கு ஒன்றாகக் கத்திக்கொண்டே போனேன். இரவல் பெல்லையும் விடாமல் அடித்தேன். காடு முடிந்து சரிவு வந்தது, சரிவுக்குக் கீழே களம் வந்தது, களத்தில் அய்யாவும் அவர் குவித்து வைத்திருந்த குண்டு மிளகாயும் வந்தன. பிரேக் இல்லை. குதிகால் எட்டாது.

குவியலுக்குள் போய் விழுந்தேன். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் மிளகாய். அய்யா என்னைத் தூக்கித் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கினார். நான்கு தும்மலுக்கு நடுவில் நடந்ததைச் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொன்னதையும் சொன்னேன். அவர் சிதறின மிளகாயை ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கார் போற சத்தம் கேட்டபெறகு வீட்டுக்குப் போ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அது கேட்டது.

வீட்டில் அடி விழும் என்று தயாராக, அழாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அடி விழவில்லை. மாமா ஆயில் துணியோடு உட்கார்ந்திருந்தார். வண்டியை வாங்கி, மிச்சமிருந்த நீலத்தின் மேலேயே தேய்க்க ஆரம்பித்தார். நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் நம்பும் வரை சொன்னேன்.

அம்மாதான் பத்து நாளாக மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டைக் கழுவி, பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தாள். கடலாடியிலிருந்து யாரோ வருவதாக இருந்தார்கள். வரவில்லை. மாவை எங்களுக்கே சுட்டுக் கொடுத்தாள்.

"யாரும்மா வாரதா இருந்துச்சு?" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

"மாமாவுக்குப் பொண்ணு குடுக்குறவுக."

"ஏன் வரல?"

"மாப்பிள்ளைக்கு வண்டி இருக்கான்னு கேட்டாக. இல்லேன்னு சொல்லிவிட்டாச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. முறுக்கை வைத்துவிட்டு எழுந்தேன். கறுப்பாக, எண்ணெய் மினுங்க, சுவரில் சாய்ந்து நின்றதைக் கையை நீட்டிக் காட்டினேன்.

"ஏம்மா பொய் சொன்ன? அதுதான் இருக்குல்ல!"

மாமா அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அவ்வளவு பெரிய நகைச்சுவை எதையும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.