மூத்திரப்பையை நிரப்பிய நாள்

சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க, காலை ஒன்பது மணிக்கு இரண்டு பாட்டில் பீர் குடித்துவிட்டுப் போனவன் நான். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வேறு.

அதற்கு முந்தைய பத்து நாள் மடமையையும் சொல்லிவிடுகிறேன். வலது விலாவுக்குக் கீழே முதுகில் வலித்தது. சிறுநீரகம் தொப்புளுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்று நம்பி வந்தவன், ஆகவே இது நாற்காலி கொடுத்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலி இடுப்பைச் சுற்றித் தொடை இடுக்குவரை இறங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

"கல்லு சார். எங்க நிக்குதுன்னு பாக்கணும். மேலயே மாட்டினு இருந்தா ஆபரேஷன். கீழ வந்துட்டா தானா வுழுந்துடும்" என்றார்.

ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் முன்பே ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மட்டும் சீட்டில் எழுதியிருந்தது.

புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தண்ணியா? பீர் அடிங்க சார். பையும் ரொம்பும், கல்லும் கரையும். விழுப்புரத்துக்காரன்லாம் இதுக்குன்னே பஸ்ஸேறி வரான்." புதுச்சேரியில் இதுதான் வீட்டு வைத்தியம். நானும் நம்பினேன்.

லாஸ்பேட்டையில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோவில் போனேன். வழியில் எத்தனை வேகத்தடை என்று அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய ஸ்கேன் டாக்டர் பதினொன்றாகியும் வரவில்லை.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய் நின்றேன். மூக்கைச் சுளித்தாள். "இன்னா சார், காலையிலயேவா? உக்காந்து அடக்குங்க."

அடக்கினேன். முடியவில்லை. பாதி மட்டும் இறக்கிவிட்டுப் பாதியை மிச்சம் வைக்கலாம் என்று கழிப்பறைக்குள் போனேன். பையின் வாயில் இரண்டு சுருக்குத் தசைகள்; ஒன்று நம் பேச்சைக் கேட்கும், மற்றது கேட்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இரண்டுமே கேட்கவில்லை. வெளியே வந்தால், என் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள்!

டாக்டர் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார். "பை காலி. ஒண்ணும் தெரியல. ரொப்பினு வாங்க. ஒரு மணிக்குக் கெளம்பிடுவேன், அப்புறம் ஒரு வாரம் லீவு."

ஒரு வாரம்! அதுவரை ஆபரேஷனா இல்லையா என்று தெரியாமல் கிடக்க வேண்டும். ஏழு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மாடிப்படியில் ஏறி இறங்கினேன். வேண்டாதபோது வெள்ளமாய் வந்தது, வேண்டும்போது சொட்டுக்கூட வரவில்லை. பீர் உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் முன்னாலேயே கறந்துவிட்டதாம். இதை அந்த மாடிவீட்டுக்காரர் சொல்லவில்லை.

ஒரு மணியாகப் பத்து நிமிடம் இருக்கையில் பை நிறைந்தது. டாக்டர் திரையைக் காட்டினார். முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகள் பாதி மறைத்தபடி சிறுநீரகம். ஈரலுக்கு இடம் விட்டு, வலது பக்கத்தது சற்றுத் தாழ்ந்து. அங்கிருந்து மூத்திரப்பைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான குழாய். "மூணு எடத்துல இது குறுகும். ஒங்க கல்லு ரெண்டத் தாண்டிடுச்சு. பையோட வாசல்ல நிக்குது, பாருங்க. பச்சரிசி மாதிரி."

"அப்ப ஆபரேஷன்?"

"வேணாம். தண்ணி குடிங்க." கருவியைத் துடைத்துக்கொண்டே, "தண்ணின்னா தண்ணி" என்றார்.

மாலையில் என் மனைவி தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து வந்ததும், ஒன்றரை மணி நேரம் நான் அடக்கிய கொடுமையை ஒரு காவியத்தின் அளவுக்கு விரித்துச் சொன்னேன். செருப்பைக் கழற்றியபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்க கம்பெனியில லேடீஸ் பாத்ரூமுக்கு ஆறு மாசமா தாழ்ப்பாளே கெடையாது. தெனம் காலையில எட்டுலேந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அடக்கினுதான் உக்காந்திருக்கேன். தள்ளுங்க, நா போவணும்."