குழல் வராத ஆம்ப்ளிபயர்

மைக் செட் போடுகிறவர் ஒருவர் தொழிலை விட்டபோது எங்கள் நைனா வாங்கி வந்த ஆம்ப்ளிபயர் அது. அந்தக் கிழட்டுப் பெட்டிக்குச் செய்கிற சேவகத்தில் பாதியை வீட்டு மனிதர்களுக்குச் செய்தால் புண்ணியம் உண்டு என்பாள் அம்மா.

சேக்காட்டில் ஒரே அறை கொண்ட வீடு. நைனாவுக்கு அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. வாரம் முழுக்கத் தகட்டைத் தடதடவென்று அடித்து வளைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லாங்குழல் கேசட் போட்டுக் கேட்பார். அது ஒன்றுதான் அவருக்குச் சொத்து.

ஒரு வருஷம், குழல் மேலே ஏறுகிற இடமெல்லாம் காணாமல் போவதாகச் சொல்ல ஆரம்பித்தார். மிருதங்கம் சுத்தமாகக் கேட்டது. அதனால் காதைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. பழியெல்லாம் பெட்டியின் மேல் விழுந்தது.

"சூடுதாம்மே காரணம். தகரப் பெட்டிக்குள்ள காத்து ஏது? டிரான்சிஸ்டர் வெந்துபோயி சத்தம் அமுங்குது. உனக்குக் கேக்குதா கொயலு?"

"எங்க கேக்குது? மோளந்தான் கேக்குது," என்பாள் அம்மா.

எனக்கு நன்றாகவே கேட்டது. பாவம், அம்மாவுக்குக் காது மந்தம் என்று நானே முடிவு கட்டி, கொஞ்ச நாள் அவளிடம் கத்திக் கத்திப் பேசினேன். உண்மையில் மந்தமாகிக்கொண்டிருந்தது நைனாவின் காது. அம்மாவுக்கு அது தெரியும். அவருக்குக் கேட்காத குழல் தனக்கும் கேட்கவில்லை என்று சொல்லியாவது துணை இருப்போம் என்று நினைத்தாளோ என்னவோ.

நைனா வேலையில் இறங்கினார். தகரப் பெட்டியைக் கடாசிவிட்டு, கனமான அலுமினியத் தகட்டில் அகலமாகப் புதுப் பெட்டி செய்துகொண்டு வந்தார். அடியிலும் மேலேயும் காற்றுப் போகத் துளைகள். சூட்டை வாங்கி வெளியே விட, பின்பக்கம் சீப்புப் பல் மாதிரி நிற்கும் பெரிய ஹீட்சிங்குகள். டிரான்சிஸ்டருக்கு அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி, வழிந்ததை என் கிழிந்த பாவாடையால் துடைத்து, திருகி முடிப்பதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. நைனாவை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

முடிந்த அன்று கேசட்டைப் போட்டு, பாதிப் பக்கம் ஓடும்வரை காத்திருந்து, ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். லேசான வெதுவெதுப்புத்தான். இனிமேல் பெட்டியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குழல் உச்சிக்கு ஏறியது. நைனா அம்மாவைப் பார்த்தார்.

"இன்னும் வரல," என்றாள் அம்மா. "வேற இன்னாவோ கோளாறு கீது. பாத்துக்கலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. கேக்குதா?"

இத்தனை பாடுபட்ட மனிதரை அம்மா ஒரு வார்த்தை பாராட்டக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஜம்முனு கேக்குது நைனா. கொயலு நல்லாக் கேக்குது," என்றேன்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைனா என் தலையைத் தடவினார். கேசட் முடியும்வரை கையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வேலை நல்லபடியாக முடிந்த சந்தோஷம் என்று நினைத்தேன். வெளியே ஓடி, எங்க நைனா ஆம்ப்ளிபயரைச் சரிபண்ணிட்டாரு, வந்து கேளுங்க என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.