நாற்பத்தோராவது தாள்

நான் கொஞ்சம் அளப்பவன்தான். ரிட்டயரான பிறகு, நான் பிடித்த விரால் வருஷத்துக்கு ஒரு சாண் வளர்கிறது. ஆனால் இதில் ஒரு சொல் கூட்டவில்லை. என் வழுக்கையே சாட்சி. அன்று நட்டுக்கொண்ட முடி இறங்காமலேயே கொட்டிப்போனது.

1989. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. மருந்து வாங்கி வெளியே வருகிறவர்களை வாசலில் மறித்து, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், டாக்டர் நன்றாகப் பார்த்தாரா, திருப்தியா என்று கேட்டு, தாளில் குறித்துக் கைநாட்டு வாங்க வேண்டும். இதுதான் எனக்குத் தற்காலிக வேலை. மாதக் கடைசியில் ஆயிரம் தாள் ராஜபாளையம் ஆபீசுக்குப் போனால் நிரந்தரம். தாளில் வில்லங்கம் இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

தினம் நாற்பது டோக்கன்தான். அன்று என்னிடம் நாற்பத்தொரு தாள்.

கடைசித் தாளில், காத்திருந்த நேரம் என்ற இடத்தில், 'இன்னும் காத்திருக்கிறேன்.' கீழே ஒரு கைநாட்டு.

கம்பவுண்டர் மொக்கைச்சாமி மேல்தான் சந்தேகம். என் வேலையைத் தன் மச்சினனுக்குக் கேட்டிருந்தவர்.

"ஏலே, ஒன் தாளைத் தொட எனக்கென்ன கிறுக்கா?" என்றார்.

மறுநாள் வெற்றுத்தாள் நாற்பதே நாற்பது எடுத்துப்போனேன். மைப்பெட்டி என் மடியில். கண் மொக்கைச்சாமி மேல்.

மாலை 5.40. கடைசி ஆளும் போயாயிற்று. மொக்கைச்சாமி என் எதிரிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். எண்ணினேன்.

நாற்பத்தொன்று. மை காயவில்லை.

5.43. மொக்கைச்சாமி கிளாசைக் கொடுக்க டீக்கடைக்குப் போயிருந்தார். உள்ளே, காலிக் கூடத்தில்... பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு இருமல்.

"வெளிய வாரவுகளத்தான் கேப்பியளா தம்பி?"

எட்டிப் பார்த்தேன்.

யாருமில்லை.

பெஞ்சு... ஆடிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு தாளையும் அடுப்பில் போட்டேன். முப்பத்தொன்றாம் தேதி, சரியாக ஆயிரம் எண்ணிக் கட்டி, ராஜபாளையத்தில் அதிகாரி சுப்புராஜிடம் கொடுத்தேன்.

"ஆயிரத்தி ஒண்ணு இருக்கே" என்றார். விரலில் ஒட்டிய ஈர மையைத் துடைத்துவிட்டு, என் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து மொக்கைச்சாமியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கிண்டலடிப்பார் என்று பார்த்தேன். டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"மகாராஜபுரத்துப் பிச்சையம்மாள். நீ வேலைக்கு வாரதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. டோக்கன் முடிஞ்சிருச்சு. செத்த நேரம் இருங்க, டாக்டர்ட்ட சொல்லுதேன்னு நான்தான் உக்கார வச்சேன்... மறந்துட்டேன். பூட்டப் போகையில தொட்டா, சில்லுனு இருந்துச்சு."

பின்கட்டு வழியாகத்தான் தூக்கிப்போனார்களாம்.

நான் உட்கார்ந்திருந்த வாசல் வழியாக அந்த அம்மா இன்னும் வெளியே வரவில்லை.