திலகவதி அக்கா சேர்த்த ஏகாரம்

செய்தி வந்தபோது நான் மொன்றியாலின் புறநகர் ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் கஜன், திலகவதி அக்காவின் தம்பி மகன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பார். “அங்கிள், மாமி இல்லை” என்றார். அக்கா வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, “எங்க போயிருக்காங்க?” என்று கேட்டேன். மாமி இறந்துவிட்டார் என்று அவர் பிரெஞ்சில் சொன்னார். அதில் தவறாகப் புரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. மொழிபெயர்த்தே சோறு தின்றவன் நான். எளிய ஒரு தமிழ் வாக்கியத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு, துயரத்தில் இருந்த ஒருவரை அதை இரண்டாம் முறை சொல்ல வைத்துவிட்டேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

மொன்றியால் தமிழர் பலருக்குத் திலகவதி அக்கா “மொஸ்கோ அக்கா.” யாழ்ப்பாணத்திலிருந்து உதவித்தொகையில் மாஸ்கோவுக்குப் படிக்கப் போனவர், படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு பதிப்பகத்தில் ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் சேர்ந்தார். வரலாற்று நூல்கள் அவர் பங்கு. மலிவு விலையில், நல்ல தாளில், வழவழப்பான அட்டையோடு வந்த அந்தப் புத்தகங்கள் நம்மில் பலருடைய வீடுகளில் இருந்தன. சோவியத் நாடே இல்லாமல் போனபோது அந்த வேலையும் போனது. தம்பி பொறுப்பெடுத்து அவரை இங்கே கூப்பிட்டார். ஓய்வு பெறும் வரை ஒரு கார்த்ரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

அவரை நான் முதலில் சந்தித்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில். சென்னையில் அமெரிக்கர்கள் நடத்திய ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்று யாரோ என்னை அவருக்கு அறிமுகப்படுத்தினார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப நீங்கள் மற்றப் பக்கம்.”

“ஆமாங்க. நீங்க அந்தப் பக்கமா?”

“ஓம். பனிப்போர் முடிஞ்சுபோச்சு. பனிதான் முடியேல்லை,” என்று சொல்லிவிட்டு, தன் கையுறையைக் கழற்றி எனக்குக் கை கொடுத்தார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர் குடியிருந்த அடுக்ககத்துக்குப் போவேன். பால் சேர்க்காத பிளேன்டீ போட்டுக் கொடுப்பார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் உலகம் இரண்டாகப் பிளந்த கதையை, அவர் பக்கத்திலிருந்து அவரும் என் பக்கத்திலிருந்து நானும் தமிழில் எழுதியிருந்தோம். அதை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பெர்லினை எடுத்துக்கொண்டால், நகரத்துக்குப் போகும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் சோவியத் படை அடைத்தது என்ற செய்தி அவர் புத்தகத்தில் இல்லை. அதற்குச் சற்று முன்னால் மேற்கு நாடுகள் தங்கள் பகுதியில் தனியாகப் புது நாணயத்தை இறக்கின என்ற செய்தி என் கட்டுரையில் இல்லை. அடைபட்ட நகரத்துக்கு மேற்கு நாடுகள் விமானத்தில் கொண்டுபோன ரொட்டி மட்டும் அதில் இருந்தது. “ரெண்டையும் ஒண்டாத் தைச்சால் ஒரு முழுச் சட்டை வரும்,” என்று அக்கா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்போது எங்களுக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

அதே மாடியில் எதிர் வீட்டில் யாத்விகா இருந்தார். போலந்துக்காரர், அக்காவை விடப் பத்து வயது மூத்தவர். புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். யாத்விகாவுக்கு ரஷ்ய மொழி நன்றாகத் தெரியும். பள்ளியில் கட்டாயமாகப் படிக்க வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு சொல்கூடப் பேசமாட்டார். ஆகவே அத்தனை வருடமும் இருவரும் தங்கள் அரைகுறைப் பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுச் சாவி மற்றவரிடம் இருந்தது.

ஒரு நவம்பர் மாதம், இறந்தவர்களைப் போலந்துக்காரர்கள் நினைவுகூரும் நாளில், யாத்விகா சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்து யாருக்கு என்று அக்கா கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு என்றார் யாத்விகா. போலந்துப் படையில் அதிகாரியாக இருந்தவர். போரின் தொடக்கத்தில் சோவியத் படையிடம் பிடிபட்டார். காத்தின் காட்டில் ஆயிரக்கணக்கான அதிகாரிகளோடு சுட்டுப் புதைக்கப்பட்டார். யாத்விகாவுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. சுட்டது ஜெர்மானியர்தான் என்று பள்ளியில் ஆசிரியை சொல்வார், எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்தால் அம்மா கதவை மூடிவிட்டு, “இல்லை, ரஷ்யர்கள்” என்று காதுக்குள் சொல்வார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அக்கா தேநீர் போடவில்லை. தான் மொழிபெயர்த்த புத்தகத்தை என் முன்னால் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். “காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்றவர்கள் ஜெர்மானிய பாசிஸ்டுகளே.”

“இது உங்க வரி இல்லையே. அவங்க எழுதினதை நீங்க தமிழ்ல போட்டீங்க, அவ்வளவுதான்,” என்றேன்.

“வரி அவையின்ர. அந்த ஏகாரம் என்ர,” என்றார். “ரஷ்ய மொழியில வெறுமன ‘பாசிஸ்டுகள்’ எண்டுதான் கிடந்தது. வசனம் தட்டையா நிக்குது எண்டு நான் ‘ஏ’ சேர்த்தனான். நல்லா விழுந்திருக்கு எண்டு அண்டைக்குச் சந்தோசப்பட்டும் இருப்பன்.”

நான் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. சோவியத் அரசு தன் கடைசிக் காலத்தில் உண்மையை ஒப்புக்கொண்டபோதே அந்த வரி பொய் என்று அவருக்குத் தெரியும். ஒரு வரிதானே என்று விட்டிருந்தார். அந்த வரிக்குள் இருந்தவருடைய மகளின் சாவி இப்போது அவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே எதிர்க் கதவைத் தட்டினார். நானும் அவருக்குப் பின்னால் நின்றேன். பிரெஞ்சில் மன்னிப்புக்கும் துக்கத்துக்கும் வேண்டிய சொற்கள் அவரிடம் போதுமான அளவு இல்லை. ஆகவே சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார்: “நான் ஒரு புத்தகம் எழுதினேன். என் மொழியில். உன் அப்பாவை ஜெர்மானியர் கொன்றதாக எழுதினேன். அது பொய்.” யாத்விகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கேட்டது ஒரே கேள்விதான். “எத்தனை பேர் அதைப் படித்தார்கள்?”

“தெரியாது. நிறையப் பேர்.”

“அவர்களிடம் போய்ச் சொல்,” என்றார் யாத்விகா. கதவு மூடிக்கொண்டது. மறுநாள் அக்காவின் சாவி ஒரு உறையில் திரும்பி வந்தது.

அடுத்து நடந்தது இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பார்க் எக்ஸ்டென்ஷன் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்று அக்கா தானாகவே கேட்டார். “வென்றவர்கள் ஏன் பகைத்தார்கள்” என்று தலைப்பும் கொடுத்தார். அவரும் நானும் பேசுவதாக ஏற்பாடு. ஊரில் அவர் புத்தகங்களைப் படித்து வளர்ந்த மூத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அமெரிக்காவையும் சோவியத்தையும் சேர்த்து வைச்சது அன்பில்லை, நாஜி ஜெர்மனி,” என்று தொடங்கினார். “அது விழுந்த உடன ரெண்டு பேருக்கும் நடுவில ஒண்டுமில்லை. ஒரு பக்கம், கணக்கில்லாமல் சனத்தைப் பறிகுடுத்த நாடு. இனி ஒருத்தரும் உள்ளுக்க வரக்கூடாது எண்டு பக்கத்து நாடுகளைத் தன்ர வேலியாக்கிச்சுது. வேலியா நிக்கிற சனத்திட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. மற்றப் பக்கம், தன்ர பட்டினங்கள் எரியாத நாடு. கையில அணுகுண்டும் காசும் இருந்தது. தான் சொல்லுற ஒழுங்கில உலகம் நடக்கவேணும் எண்டு நிண்டுது. ஒருத்தர் பயத்தில செய்யிறதை மற்றவர் பேராசை எண்டு நினைச்சினம். முதல் வெடிப்பு போலந்தில. சுதந்திரமாத் தேர்தல் வைக்கிறம் எண்டு சோவியத் சொல்லிப்போட்டு வைக்கேல்லை. ஒரே எதிரிக்கு எதிரா நிண்டவை, பிறகு ஆளை ஆள் எதிரியாக்கிப்போட்டினம்.”

“எங்கட இயக்கங்களிலயும் பாத்த கதைதானே,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. யாரென்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலர் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

பிறகு அக்கா அந்த வரியைப் படித்தார். அது பொய் என்றார். யாத்விகாவின் பெயரைச் சொல்லாமல் அந்த அப்பாவைப் பற்றிச் சொன்னார். முன்வரிசையில் இருந்த சிவபாதம் அண்ணை எழுந்தார். ஊரில் தொழிற்சங்க வேலை செய்தவர்.

“பிள்ளை, அந்தப் புத்தகத்தை வைச்சு நாங்கள் வகுப்பு நடத்தினனாங்கள். மற்ற மாதிரிச் சொன்ன ஆக்களோட சண்டை பிடிச்சனாங்கள். இப்ப வந்து பிழை எண்டுறீர்.”

“ஓம் அண்ணை, பிழை. தெரிஞ்சும் இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தது அதைவிடப் பிழை.”

“அப்ப அமெரிக்கன் சொன்னதுதான் சரி,” என்றார் இன்னொருவர். சிலர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு அது இதமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. அக்கா என் பக்கம் திரும்பினார். “வரதன், உங்கட பக்கத்தையும் சொல்லுங்கோ.”

சொன்னேன். காத்தின் பற்றி என் பத்திரிகையில் வந்த கட்டுரையைத் தமிழாக்கியவன் நான்தான். கொன்றவர் யார் என்பதில் பொய் இல்லை. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்க அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் அறிக்கைகள் வந்தன. சோவியத் படை அப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டதால் அவற்றை அமுக்கி வைத்தார்கள். நட்பு முறிந்த பிறகுதான் அந்த விஷயத்தை வெளியே எடுத்தார்கள். அது என் கட்டுரையில் இல்லை. சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. தலையாட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று பலர் தேநீர் குடிக்காமல் போனார்கள். சிவபாதம் அண்ணை அதன்பின் அக்காவுடன் கதைக்கவே இல்லை. “வயசு போன நேரத்தில உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா சொன்னார்: “வெக்கம் வந்தால் அதை வைச்சு ஏதாவது செய்யவேணும், வரதன். சும்மா உள்ளுக்க வைச்சிருந்தால் அதுவும் ஒரு பெருமை மாதிரி ஆகிடும்.”

கூட்டம் நடந்ததை யாத்விகாவிடம் போய்ச் சொன்னார். “சரி” என்று மட்டும் பதில் வந்தது. மாடிப்படியில் பார்த்தால் ‘போன்ஜூர்’ சொல்லிக்கொள்வார்கள். சாவி திரும்பவில்லை.

இறுதிச் சடங்கன்று மண்டபம் நிறைந்திருந்தது. கிரியைகள் முடிந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். பின்வரிசையில், தான் பிடித்து நடக்கும் நடைவண்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு யாத்விகா உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் ஒலிவாங்கியில், “அக்காவின்ர மொழிபெயர்ப்பில ஒரு பிழை காட்ட ஏலாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அந்த வரியைப் படித்த கூட்டத்தில் இருந்தவர்தான்.

“என்ன சொல்கிறார்?” என்று யாத்விகா கேட்டார். அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். “அவள் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை என்கிறார்.”

யாத்விகா முன்னால் கிடந்த சவப்பெட்டியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். “என் அப்பாவுக்காக ரஷ்யர்கள் என் கதவைத் தட்டவில்லை. ஆங்கிலேயர் தட்டவில்லை. உங்கள் அமெரிக்கர்கள் தட்டவில்லை. எங்கோ ஒரு தீவில் பிறந்தவள், இவள் வந்தாள். நான் கதவை மூடினேன். மறுபடி தேநீருக்குக் கூப்பிடவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். இவள் அங்கேயே இருப்பாள் என்றும் நினைத்துவிட்டேன்.”

கஜன் என்னைப் பேசக் கூப்பிட்டார். எழுதி வைத்திருந்தது வேறு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நான் இங்கே எழுதியதையே அங்கும் சொன்னேன். அந்த வரி, அந்தக் கதவு, அந்தக் கூட்டம், எங்கள் மௌனம். தமிழில் ஒரு வாக்கியம், பிறகு பின்வரிசைக்காகப் பிரெஞ்சில் ஒரு வாக்கியம். சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. இறந்தவரின் பிழையைப் பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லலாமா என்று ஒருவர் வெளியே வந்து கேட்டார். அதைச் சொல்லாமல் அவரை வழியனுப்புவதுதான் எனக்கு அவமதிப்பாகப் பட்டது.

அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போகட்டும் என்று கஜனிடம் சொல்லிவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் தந்துவிட்டுப் போன வெட்கம். அதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் எழுதிய ஏதோ ஒரு வரிக்குள்ளும் யாருடைய அப்பாவாவது கிடக்கலாம். யார் என்று தெரியவரும் நாளில் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுவதற்கு, இந்த வெட்கம் எனக்கு மிச்சமிருக்க வேண்டும்.