முதல் மரத்துக் கங்காணி

1962 ஏப்ரல் 7, சனிக்கிழமை, காலை 6.10. இடம்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு ஓடைக்கரை. பெயர்: சங்கிலிமுத்து. வயது, அவர் சொற்படி, ‘அம்பதுக்கு ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய’. தொழில்: சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி மரம் குறிப்பது.

கோடரியின் பின்புறத்தால் மூன்று முறை தட்டி, பட்டையில் காதை ஒட்டிக் கண்களை மூடிக்கொள்கிறார். உள்ளே பொந்து இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மரமென்றால் செங்காவியால் எண் எழுதுவார். எழுதிய எண்ணை அழிக்கும் வழக்கம் இத்தொழிலில் இல்லை. அழித்தவனுக்கு மறுநாள் வேலையும் இல்லை. முதல் எண் மரத்துக்குச் சூடம் கொளுத்தி, அதை வெட்டிய பிறகே மற்றவற்றில் கோடரி விழும்.

நான் ஆராயும் நீல ஈப்பிடிப்பான் குருவிக்கு அவர் இட்ட பெயர் கங்காணி. உள்ளங்கைக்குள் அடங்கும் நீலம். பிடரியில் மை தொட்டு வைத்தாற்போல் ஒரு பொட்டு. கிளை சாயும்போது கிளம்பும் பூச்சிகளைப் பறந்தபடியே கவ்வும்.

“நாம வேர்க்க வேர்க்க வெட்டுவோம். அவன் அதட்டிக்கிட்டே திம்பான். கங்காணி இல்லாம வேற யாரு சார்?”

அன்று அந்தப் பறவை, ஒரு மாதம் முன்பு அவர் ‘1’ என்று குறித்த மரத்தின் தாழ்ந்த கிளைக்குள் நுழைந்தது. எட்டிப் பார்த்தேன். சிலந்தி நூலால் இறுக்கிய கோப்பைக் கூடு. அதில் கண் திறவாத மூன்று குஞ்சுகள்! இரண்டாண்டு தேடியும் கிட்டாத கூடு! குறிப்பெழுதிய அவசரத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

வெட்டுக்காரர் செல்லப்பாண்டி சூடத்தோடு வந்துவிட்டார்.

“சீக்கிரம் அண்ணே. மத்தியானம் லாரி வந்துரும்.”

“குஞ்சு கண்ணு தெறக்கல. பத்து நாளு பொறுக்கணும்லே,” என்றார் சங்கிலிமுத்து.

“குருவி பிள்ளை பெத்திருக்கு, லோடு வராதுன்னு கம்பெனியில சொல்லுவீகளோ?”

“ஏன், ஒம் பொண்டாட்டி பெத்தப்ப நீ எம்புட்டு நாளு லீவு போட்டே?”

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. “நம்பரை அழிச்சா உங்க வேலை போயிரும் அண்ணே.”

“வேறு மரத்தை முதலில் வெட்டக்கூடாதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு நிக்கையில ரெண்டை எவனும் தொடமாட்டான் சார்,” என்றார் செல்லப்பாண்டி.

சங்கிலிமுத்து தலைத்துண்டை அவிழ்த்தார். ஓடையில் நனைத்து வந்து, பட்டையில் தம் கையால் எழுதியிருந்த எண்ணை அழுத்தித் துடைத்தார். பிறகு அக்கரைக்குப் போய், இரண்டாம் மரத்தின் எண்ணையும் அழித்துவிட்டு, அதில் ‘1’ என்று நிதானமாக எழுதினார். செல்லப்பாண்டி அங்கே சூடத்தைக் கொளுத்தினார்.

காலை 7.20 முதல் 8.20 வரை கூட்டுக்கு வந்து சேர்ந்த பூச்சிகள்: பத்தொன்பது.