சேதி சரிதான், தோட்டம்தான் வேறு

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது பொட்டலக் காகிதம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்தேன். பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவார்கள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் கலந்து வரும். கிழிப்பதற்கு முன்னால் வாசித்துவிடுவேன். சீரக வாசனையோடு படித்ததாலோ என்னவோ, அச்செழுத்தைக் கண்டால் இன்றும் எனக்கு ஒரு பசி வருகிறது.

அந்தப் பசிதான் என்னைப் பழவங்காடியில் கொண்டுபோய் நிறுத்தியது. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகை ரயிலேறி ஒரு நாள் பிந்தி அங்கே வரும். கடை திறப்பதற்கு முன்னால் சாலை வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். அதற்குக் கூலி ஒரு காப்பி.

உலகத்தில் எது நடந்தாலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல நமக்கு என்ன, ஓய்?"

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வாசிப்பைக் கேட்டு ஒருவருக்கு ஏதாவது வாங்கத் தோன்றினால், பேசாமல் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார். என்ன வாங்கப் போகிறீர் என்று கேட்கக் கூடாது. கேட்டால் காரியம் முறியும் என்பார்கள். ஆனால் எந்தச் சேதியில் எழுந்து போனார் என்று மற்றவர்கள் பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் யுத்தம் ஆரம்பித்ததும், ஜெர்மன் கப்பல் எதுவும் இனி வராது என்று வாசித்தபோது ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் எழுந்து போனார். நாங்கள் சாயப்பொடி என்று நினைத்தோம். அவர் வாங்கியது தையல் ஊசி. ஆறு மாதத்தில் ஊசி விற்ற பணத்தில் வீட்டுக்கு மேலே மச்சு எடுத்தார். குடைக்கடைக்காரர் ஒருவர், லண்டனில் ராத்திரி விளக்கை மறைக்கிறார்கள் என்ற சேதியில் எழுந்து போய்க் கறுப்புக் காகிதமாக வாங்கி அடுக்கினார். அதைக் கரையான்தான் அனுபவித்தது.

கடைசி வரை எழுந்திருக்காத ஒருவர் உண்டு, இரும்புக்கடை அண்ணாச்சி. "பேப்பர்ல வந்த சேதி நேத்து வடிச்ச சோறு ஓய். தண்ணி ஊத்திப் பழையதாக் குடிக்கலாம், விருந்து வைக்கப்படாது" என்பார். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன். வாசிக்கிறவனுக்கு, சேதியே தன்னுடையது என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது.

கரமனையில் ஆற்றங்கரைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் என் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். சர்வே ஆபீசில் குமாஸ்தா. எனக்கு மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவி எனக்கு மைனி. யுத்தம் தொடங்கிய மழைக்காலத்தில் அவர் காய்ச்சல் கண்டு பத்து நாளில் போய்விட்டார். மிச்சம் வைத்துப் போனது ஒரு இன்ஷூரன்ஸ் பணமும் ஒரே மகளும். அவள் பெண்கள் காலேஜில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் நெருப்பு. மதராசுக்குப் போய் டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்று அப்பாவும் மகளும் பேசி முடித்து வைத்திருந்தார்கள். வைத்தியக் கல்லூரியிலிருந்து விவரப் புத்தகம் கூட தபாலில் வரவழைத்து, நீலக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் மைனி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கணக்கெல்லாம் அவளே போட்டிருந்தாள்.

"தம்பி, இந்தப் பணம் மூணு வருசப் படிப்புக்குக் காணும். படிப்பு அஞ்சு வருசம். அந்த ரெண்டு வருசத்தை நீங்கதான் எங்கேருந்தாவது கொண்டாரணும்."

ராஜ்யங்கள் எப்படிச் சாயும் என்று காலையில் காப்பிக்கடையில் சொல்லுகிறவனிடம், மத்தியானம் ஒருத்தி இரண்டு வருஷம் கேட்கிறாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதம் வேறு நினைப்பில்லாமல் வாசித்தேன். கத்தரித்து ஒட்டினேன். இந்த யுத்தம் சக்கரத்தில் ஓடுகிறது, சக்கரம் ரப்பரில் ஓடுகிறது என்று எனக்குப் பட்டது. லாரிக்கு ரப்பர், விமானத்துக்கு ரப்பர், சிப்பாயின் மழைச்சட்டைக்கும் ரப்பர். அமெரிக்கா ரப்பரை வாங்கிச் சேர்த்து வைக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்தது. ரப்பர் கம்பெனிப் பங்குதான் வாங்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் சொல்லுவேன்.

எந்த ரப்பர் என்பதில்தான் வந்தது வினை.

திருவிதாங்கூர் மலையில் ரப்பர் தோட்டம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் விலை விழுந்து கிடந்த வருஷங்களில் அந்தத் தோட்டக்காரர்கள் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். பால் எடுக்கிற கூலிக்குக் கூடக் கட்டாது என்று மரத்தில் பால் வெட்டாமல் சும்மா விட்டிருந்தார்கள். ஒரு தோட்டத்து மானேஜர் எங்கள் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்க வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அந்தத் தோட்டத்துப் பங்கு அப்போதும் சல்லிசாகக் கிடைத்தது. சாலைக் கடைத்தெருவில் ஒருவரும் தொடமாட்டார்கள். அவர்கள் மலாய் என்றால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். பழவங்காடிச் சத்திரத்தில் வந்து தங்குகிற மதராஸ் தரகரின் ஏஜெண்டு ஒரு மலாய்க் கம்பெனிப் பத்திரத்தைக் காட்டினார். பேராக் சீமையில் தோட்டம். கெட்டிக் காகிதம், பச்சைக் கரை, நடுவில் மரத்தின் படம். வருஷம் தவறாமல் லாபம் கொடுத்த கம்பெனி.

மைனி வீட்டில் இதைச் சொன்னபோது, அந்தப் பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்:

"நம்ம மலையில ரப்பர் இல்லையா சித்தப்பா? பிறகு ஏன் கடல் தாண்டிப் போகணும்?"

"மக்களே, முற்றத்து முல்லைக்கு மணமில்லைன்னு மலையாளத்தான் சும்மாவா சொன்னான்?" என்று சொல்லிச் சிரித்தேன்.

"மணம் இல்லாதது முல்லையோட குத்தமா சித்தப்பா, மூக்கோட குத்தமா?"

சிறு பிள்ளைப் பேச்சு என்று மைனி அவளை அதட்டினாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பழமொழி சொன்னவனுக்கு அதன் அர்த்தத்தை ஒரு பெண் திருப்பிச் சொன்னாள். அது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

மறுநாள் காலை காப்பிக்கடையில் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நானே எழுந்து ரோட்டைத் தாண்டினேன். வாசிக்கிறவனே எழுந்து போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. தேங்காய் நல்லபடியாகச் சிதறியது. திரும்பி வந்தபோது இரும்புக்கடை அண்ணாச்சி மட்டும், "வேறே யாருக்கோ உடைச்ச தேங்கா மாதிரி இருக்கே" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

பங்கு மைனி பேரில் வந்தது. அதைக் கல்லூரிப் புத்தகத்தின் நீல அட்டைக்குள் வைத்தாள். அடுத்த வருஷம் லாபம் வந்தது. பங்கின் விலையும் ஏறியது. ஒரு கட்டத்தில், விற்றால் நாலரை வருஷப் படிப்புக்குக் காணும் என்று ஆயிற்று. மகள் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, வைத்தியக் கல்லூரியில் சேர வயது ஒரு சில மாதம் குறைகிறது என்று ஒரு வருஷம் காத்திருந்த சமயம் அது.

மைனி ஆள் அனுப்பவில்லை. அவளே கடைக்கு வந்தாள். மல்லி வாங்குகிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "போதும்ல தம்பி? வித்திரலாமா?"

"இன்னும் அரை வருசம் இருக்கு, அதுவும் எட்டட்டும் மைனி. வெண்ணெய் திரளுகிற நேரம்" என்றேன்.

அந்தப் பழமொழியின் பாக்கிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

மார்கழி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜப்பான்காரன் மலாய் நாட்டில் இறங்கிவிட்டான் என்ற சேதியை நான்தான் வாசித்தேன். முதல் நாள், அதெல்லாம் வடக்கு ஓரம் என்று மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஊர்ப் பெயர்கள் தெற்கே நகர்ந்து வந்தன. ஒரு காலையில் பேராக் என்ற பெயர் வந்ததும் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பர்மாவும் போனால் அரிசி வராதே என்று சொல்லிக்கொண்டே எழுந்து தேங்காய் உடைக்கப் போனார்.

காப்பி ஆற்றுகிறவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஐந்து வருஷமாக எனக்குக் காப்பி கொடுத்தவர். "அண்ணாச்சி, எங்க அண்ணன் அங்க தோட்டத்துல பால் வெட்டப் போனான். தைப்பிங் பக்கம்னு எழுதுவான். அந்தப் பேரு பேப்பர்ல வந்துட்டுதா?" என்று கேட்டார்.

தைப்பிங் அதற்கு முன்தினமே வந்துவிட்டது. அதையும் நான்தான் வாசித்திருந்தேன். அந்த மரங்களில் பால் வெட்டுகிறவர்கள் நம்முடைய ஆட்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் இரண்டு வருஷ வாசிப்பில் அவர்களை நான் ஒரு நாளும் தேடவில்லை. அன்று கூட, அவர் கேட்ட அந்த நிமிஷம், என் மனசு நீல அட்டைக்குள் இருந்த காகிதத்தில்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூர் விழுந்ததும் ஏஜெண்டு சத்திரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மதராசுக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்தப் பங்குக்கு இப்போது விலையே இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கரமனைக்கு நடந்தே போனேன். மைனி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் கிடைத்த அரிசியில் பாதி கல். நான் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். ரப்பர் விலை ஏறும் என்று சொன்னது பொய்யாகவில்லை, உலகம் முழுக்க ரப்பருக்கு அடித்துக்கொள்கிறார்கள், நம் மலைத் தோட்டங்களில் எடுக்கிற ஒவ்வொரு துண்டையும் சர்க்கார் வாங்கிக்கொள்கிறது என்று. சொல்லச் சொல்ல எனக்கே கேட்க ஆகவில்லை. கடனுக்கு வந்து தலை குனிந்து நின்ற அந்த மானேஜர் முந்தின வாரம்தான் கடைக்கு வந்து, பழைய பாக்கியை வட்டியோடு எண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தார். முற்றத்து முல்லை வீதி முழுக்க மணத்தது.

மைனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேற யாராவது சொல்லிக் கேட்டு இப்படி ஆகியிருந்தா, உங்ககிட்ட வந்து அவனை ஏசியிருப்பேன் தம்பி. இப்போ நான் யாருகிட்ட போய் ஏச?"

அந்தப் பெண் உள்ளேயிருந்து சர்க்கரை இல்லாத காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு என்று முதலில் இருந்த பணம் முழுக்க அந்தக் காகிதத்தில்தான் இருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். பாதியைப் போட்டுப் பாதியை வைத்திரு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மைனிக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் டிரெயினிங் முடித்து ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். ஒரு தடவை அந்த வழியாகப் போனபோது ஜன்னலில் பார்த்தேன். கரும்பலகையில் மனுஷ இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள், ஒரு கோடு கூட அழிக்காமல்.

காப்பிக்கடையில் வாசிப்பதை விட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். வேறொருவர் வாசித்தார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம், மைனி பேருக்கு மதராஸ் வழியாக ஒரு இங்கிலீஷ் தபால் வந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் கையை நீட்டினேன்; மகளே வாசித்துத் தமிழில் சொன்னாள். கம்பெனி திரும்ப நடக்கிறது, பங்கு செல்லும், மரங்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. பால் வெட்ட ஆட்கள்தான் இல்லை. சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. விற்க விருப்பமானால் இன்ன விலை கிடைக்கும். காப்பி ஆற்றுகிறவரின் அண்ணனிடமிருந்தும் அதுவரை கடிதம் இல்லை. பிறகும் வரவில்லை.

தபாலில் சொன்ன விலைக்கு விற்றால், ஐந்து வருஷமும் படிக்கலாம்.

"பந்தி முடிஞ்சு இலை எடுத்த பெறவு பாயசம் வருது" என்றாள் மைனி. மகள் சிரித்தாள். "வித்திருங்க அம்மா, வீட்டுக்கு ஓடு மாத்தலாம்" என்றாள். பிறகு நீல அட்டைக்குள்ளிருந்து பத்திரத்தை உருவி என் கையில் கொடுத்தாள். "சித்தப்பா, வித்துத் தாருங்க. இந்தத் தடவை இன்னிக்கே."

அன்றே மதராசுக்கு எழுதிப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நான் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, கரமனைப் பக்கத்திலிருந்து எடைக்கு வாங்கின பழைய காகிதக் கட்டு ஒன்று பிரிந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே நீல அட்டை தெரிந்தது. எடுத்துப் பிரித்தேன். முன்பாதி இல்லை, கடுகுப் பொட்டலமும் மிளகுப் பொட்டலமுமாக அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. மிஞ்சியிருந்த முதல் பக்கத்தில், முதல் வருஷ மாணவர்கள் தாங்களே கொண்டுவரவேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. சில சாமான்களுக்கு எதிரே அந்தப் பெண் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள், வாங்கியாயிற்று என்பதற்கு.

கால் ராத்தல் சீரகம் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். நான் வேறு காகிதம் தேடினேன்.